எடுரோம்: ஒரே கணக்கு, போகும் வளாகமெல்லாம் வைஃபை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்படிப்புக்கோ மாநாட்டுக்கோ ஆய்வுக்கோ வேறு வளாகத்துக்குப் போகிறவர்கள் எடுரோம் பற்றி ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலோடு தொகுத்திருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் 5, 6, 7 மூன்றையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். போய் இறங்கிய பிறகு படித்தால் அவற்றால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

1. எடுரோம்னா என்ன? ஏதாவது கம்பெனி நடத்துற வைஃபையா?

கம்பெனி இல்லை. கல்வி நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. உங்கள் கல்லூரி கொடுத்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் வைத்துக்கொண்டு, இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் எந்த வளாகத்திலும் வைஃபையில் இணையலாம். அங்கே போய்ப் பெயரைப் பதிய வேண்டாம், விருந்தினர் கணக்குக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம், பணமும் கிடையாது.

2002இல் நெதர்லாந்தின் கல்வி நெட்வொர்க் அமைப்பான சர்ஃப்நெட்டைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை இது. முதலில் ஐரோப்பாவின் சில நாடுகள் சோதித்துப் பார்த்தன. இப்போது 100க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் அதைக் கவனித்துக்கொள்ள ஓர் அமைப்பு உண்டு: இந்தியாவில் எர்நெட் இந்தியா, இலங்கையில் லேர்ன், சிங்கப்பூரில் சிங்கரென், பிரிட்டனில் ஜிஸ்க், ஜெர்மனியில் டிஎஃப்என், அமெரிக்காவில் இன்டர்நெட்2.

2. எங்க காலேஜ்ல எடுரோம் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

போனின் வைஃபை பட்டியலில் எடுரோம் என்ற பெயர் தெரிகிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, எல்லாமே சிற்றெழுத்து. உலகம் முழுக்க இதே பெயர்தான். முதல் எழுத்து பெரிதாக இருந்தாலோ, நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தாலோ அது வேறு நெட்வொர்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள். (ஒரே ஒரு விலக்கு உண்டு, 19ஆம் கேள்வியில் வருகிறது.)

பெயர் தெரிவதால் மட்டும் உங்கள் கணக்கு வெளியில் செல்லும் என்று ஆகிவிடாது. வருகிறவர்களுக்கு வைஃபை கொடுப்பது ஒரு வேலை. தன் மாணவர்களின் கணக்கை வெளியூர் கேட்கும்போது உறுதிசெய்வது இன்னொரு வேலை. கல்லூரி இரண்டையும் செய்தால்தான் உங்களுக்குப் பயன். 'கெட்எடுரோம்' என்ற ஆப்பில் கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் கணினிப் பிரிவில், "என் கணக்கு மற்ற வளாகங்களில் வேலை செய்யுமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆப்பில் பெயரைச் சேர்க்காமலேயே எடுரோம் நடத்தும் நிறுவனங்களும் உண்டு.

3. நான் பெர்லின்ல இருக்கேன். என் பாஸ்வேர்ட் சரியா தப்பான்னு அந்த யூனிவர்சிட்டிக்கு எப்படித் தெரியும்?

அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உங்கள் யூசர்நேம் 'மீனா@நம்மகல்லூரி.ஏசி.இன்' என்று வைத்துக்கொள்வோம் (தட்டச்சு செய்வது ஆங்கிலத்தில்தான்). அங்குள்ள வைஃபை கருவி உங்கள் வேண்டுகோளை அந்தப் பல்கலைக்கழகத்தின் ரேடியஸ் சர்வரிடம் (வைஃபையில் யாரை உள்ளே விடலாம் என்று சரிபார்க்கும் சர்வர்) கொடுக்கும். அந்த சர்வர் '@' குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்கும். "இது நம்முடையது அல்ல" என்று ஜெர்மனியின் தேசிய சர்வருக்குத் தள்ளும். 'இன்' என்று முடிவதால் அது உலக அளவிலான உச்ச சர்வர்கள் வழியாக இந்தியாவின் தேசிய சர்வருக்கு வரும். அங்கிருந்து உங்கள் கல்லூரிக்கு. சரி, தப்பு என்று சொல்லும் அதிகாரம் உங்கள் கல்லூரி சர்வர் ஒன்றுக்குத்தான். அதன் பதில் வந்த வழியே திரும்பும்.

ஒருமுறை இணைவதற்கு இப்படிப் பல தடவை போய்வர வேண்டியிருக்கிறது. அதனால் வெளிநாட்டில் முதல் இணைப்புக்குச் சில நொடி கூடுதலாக ஆவது இயல்பு. உள்ளே போன பிறகு இணைய வேகத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் தொடர்பில்லை. நீங்கள் பார்க்கும் பக்கங்கள் இந்தியா வழியாகச் சுற்றி வருவதில்லை. பெர்லின் வளாகத்தின் இணைப்பிலேயே நேராக வருகின்றன.

4. அப்போ நடுவுல இருக்கற இத்தனை சர்வரும் என் பாஸ்வேர்டைப் பார்க்குமே?

பார்க்க முடியாது. பாஸ்வேர்ட் கிளம்பும் முன் உங்கள் போனுக்கும் உங்கள் கல்லூரி சர்வருக்கும் இடையே பூட்டிய குழாய் ஒன்று உருவாகிறது. வங்கி இணையதளங்கள் பயன்படுத்தும் டிஎல்எஸ் முறையேதான். நடுவில் உள்ள சர்வர்கள் அந்தக் குழாயைக் கடத்திவிடுகின்றன, உள்ளே பார்ப்பதில்லை.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: குழாயின் மறுமுனையில் இருப்பது உங்கள் கல்லூரிதான் என்று போன் சரிபார்த்திருக்க வேண்டும். சரிபார்க்காமல் விட்டால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் இல்லாமல் போகும். 7ஆம் பதிலை ஊன்றிப் படியுங்கள்.

5. எப்போ செட் பண்ணணும்? அங்க போய் இறங்கினதும் பண்ணிக்கலாமா?

கிளம்பும் முன், உங்கள் வளாகத்திலேயே செய்துவிடுங்கள். அமைப்பதற்கான ஃபைலை இறக்க இணையம் வேண்டும். வெளிநாட்டில் இறங்கியதும் கையில் சிம்மே இருக்காது. அதோடு, ஏதாவது தவறினால் கேட்பதற்கு ஆளும் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்.

வழி இதுதான். மொபைல் டேட்டாவில் இருந்தபடி கெட்எடுரோம் ஆப்பை நிறுவுங்கள் (ஆண்ட்ராய்ட், ஐபோன், விண்டோஸ் மூன்றுக்கும் உண்டு). கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். மாணவர், பணியாளர் என்று தனித்தனியாகக் கேட்டால் உங்களுடையதைத் தொடுங்கள். யூசர்நேமை '@' உட்பட முழுதாக எழுதி, பாஸ்வேர்ட் கொடுங்கள். ஏற்கெனவே கையால் அமைத்த எடுரோம் இணைப்பு போனில் இருந்தால், ஆப்பை ஓட்டும் முன் அதை 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். பழையதும் புதியதும் மோதிக்கொள்ளும். கல்லூரி, ஆப்புக்குப் பதிலாக ஐபோன் புரொஃபைல் ஃபைலைக் கொடுத்தால் இறக்கியது மட்டும் போதாது. செட்டிங்ஸில் ஜெனரல், அதனுள் 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' போய் நிறுவ வேண்டும்.

வளாகத்தில் இணைந்துவிட்டதா? நல்லது, ஆனால் சோதனை இன்னும் முடியவில்லை. ஏன் என்பது 8ஆம் கேள்வியில். முடிந்தால் அருகில் எடுரோம் உள்ள வேறொரு கல்லூரிக்கு ஒரு நடை போய் அங்கேயும் இணைத்துப் பாருங்கள். ஒரு பஸ் டிக்கெட்டோடு முடியும் இந்தச் சோதனை வெளிநாட்டில் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

6. ஆப் வேலை செய்யல. கையால போட்டா எந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?

ஆண்ட்ராய்டில் வரும் கட்டங்கள் வரிசைப்படி: 'இஏபி மெத்தட்' (உங்களைச் சரிபார்க்கும் முறை) என்பதில் பீப் அல்லது டிடிஎல்எஸ், கல்லூரி எதைச் சொல்கிறதோ அது. 'ஃபேஸ் 2' (பூட்டிய குழாய்க்குள் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை) என்பதில் பீப் என்றால் எம்எஸ்சாப்வி2; டிடிஎல்எஸ் என்றால் பெரும்பாலும் பிஏபி. 'சிஏ சர்டிஃபிகேட்' என்பது சர்வர் உண்மையானதுதானா என்று போன் சரிபார்க்க உதவும் அடையாளச் சான்று. அந்தக் கட்டத்தில் கல்லூரி தனியாக ஒரு சர்டிஃபிகேட் ஃபைல் கொடுத்திருந்தால் அதை நிறுவித் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 'யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்'.

'டொமைன்' கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே கேட்பது கல்லூரியின் ரேடியஸ் சர்வரின் பெயரை. அது உங்கள் யூசர்நேமில் '@'க்குப் பின்னால் இருப்பதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊகித்து எழுதாமல் கணினிப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். 'ஐடென்டிட்டி' கட்டத்தில் முழு யூசர்நேம். 'அனானிமஸ் ஐடென்டிட்டி' கட்டத்தில் பெயர் இல்லாமல் '@நம்மகல்லூரி.ஏசி.இன்' என்று மட்டும் எழுதலாம். அதன் பயன் 16ஆம் பதிலில். சில கல்லூரிகள் அங்கே குறிப்பிட்ட ஒரு சொல்லை எதிர்பார்க்கும். அப்படியானால் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

மெத்தட் பட்டியலில் 'சிம்', 'ஏகேஏ' என்றும் இருக்கும். அவை சிம் கார்டை வைத்து நுழையும் முறைகள். தவறி அதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் எழுதிய யூசர்நேமை விட்டுவிட்டு சிம் நிறுவனத்தின் பெயரில் போன் கேட்கும். எங்கேயும் உள்ளே விடமாட்டார்கள்.

7. 'சர்டிஃபிகேட் நம்பத்தக்கது அல்ல'ன்னு கேக்குது. 'டிரஸ்ட்' கொடுத்தா உடனே கனெக்ட் ஆகுதே, அப்புறம் என்ன?

எங்கேயிருந்து, எந்தப் பெயரில் வருகிறது என்று பார்க்காமல் 'டிரஸ்ட்' கொடுக்காதீர்கள். எடுரோம் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் ஒரு சிறு ரவுட்டரில் வைத்து ஒளிபரப்ப முடியும். மாநாட்டு அரங்க வாசலில் அப்படி ஒன்றை வைத்தால், சரிபார்க்காத போன்கள் எல்லாம் தாமாகவே அதில் போய் ஒட்டும். நீங்கள் பையிலிருந்து போனை எடுக்கக்கூட வேண்டாம். டிடிஎல்எஸ்ஸோடு பிஏபி வைத்திருந்தால் பாஸ்வேர்ட் அப்படியே அவர்கள் கையில் விழும். பீப் என்றால் பாஸ்வேர்டைக் கொண்டு கணக்கிட்ட ஒரு விடை போகும். அந்த எம்எஸ்சாப்வி2 கணக்கை எப்படிப்பட்ட பாஸ்வேர்டாக இருந்தாலும் உடைத்துவிடலாம் என்று 2012லேயே செய்து காட்டிவிட்டார்கள். அதே பாஸ்வேர்ட்தான் பல கல்லூரிகளில் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் பக்கத்துக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பெர்லினில் இருந்தாலும் பெர்த்தில் இருந்தாலும் போனுக்கு வரும் சர்டிஃபிகேட்டில் உங்கள் கல்லூரி சர்வரின் பெயர்தான் இருக்க வேண்டும். 4ஆம் பதிலில் சொன்னபடி குழாயின் மறுமுனை உங்கள் கல்லூரிதானே. வேறு பெயர் தெரிந்தால், அது போயிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயராகவே இருந்தாலும், 'கேன்சல்' கொடுங்கள்.

முன்பு ஆண்ட்ராய்டில் 'டூ நாட் வாலிடேட்' என்று ஒரு வசதி இருந்தது. ஆபத்தானது என்பதால், 2020 டிசம்பர் அப்டேட்டில் ஆண்ட்ராய்ட் 11 கொண்ட பிக்சல் போன்களிலிருந்து அதை நீக்கத் தொடங்கினார்கள். பழைய வழிகாட்டிகளில் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். ஆண்ட்ராய்ட் 13 முதல் 'முதல் தடவை நம்பு' என்ற முறை வந்திருக்கிறது: முதன்முறை வரும் சர்டிஃபிகேட்டை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு அதையே எதிர்பார்க்கும். இதைப் பயன்படுத்தினால் அந்த முதல் தடவை உங்கள் சொந்த வளாகத்தில், கணினிப் பிரிவு சொன்ன பெயரோடு ஒப்பிட்டு நடக்கட்டும்.

இன்னொன்று. போனில் தேதி தவறாக இருந்தாலும் இதே எச்சரிக்கை வரும். சார்ஜ் முழுக்கத் தீர்ந்து மறுபடி எழுந்த பழைய லேப்டாப்களில் இது சகஜம். முதலில் தேதியைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள்.

8. எங்க வளாகத்துல சூப்பரா ஓடுது, வெளிய போனா 'ஆத்தென்டிகேஷன் எரர்'. ஏன்?

பத்துக்கு எட்டு தடவை காரணம் ஒன்றுதான்: '@'க்குப் பின்னால் உள்ள பகுதியை எழுதாமல் விட்டிருப்பீர்கள். உங்கள் கல்லூரியில் வெறும் 'மீனா' என்றால் அந்த சர்வருக்குப் புரியும். வெளியூர் சர்வருக்கு எந்த மீனா, யாரிடம் அனுப்புவது என்று தெரியாது. அந்த இடத்திலேயே மறுத்துவிடும்.

பகுதியை எழுதியிருந்தும் ஓடவில்லை என்றால், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். போன் விசைப்பலகை சொல்லைப் பரிந்துரைத்து நிரப்பும்போது தானாகச் சேர்ப்பது அது. முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மின்னஞ்சல் முகவரியும் எடுரோம் யூசர்நேமும் வேறு வேறாக இருக்கும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே மின்னஞ்சலை அப்படியே எழுதினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

9. எங்க யூனிவர்சிட்டி முகவரி 'இன்'னு முடியல, 'ஈடியு'ன்னு முடியுது. அது எந்த நாட்டுக்குன்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, பல நாள் தீராத சிக்கல்களுக்கு இதுவே வேராக இருந்திருக்கிறது. 'இன்', 'எல்கே', 'டிஇ' என்று நாட்டுக் குறியில் முடிந்தால் பாதை தானே கிடைத்துவிடும். 'ஈடியு', 'ஓஆர்ஜி', 'காம்' என்று முடிந்தால் பாதையைத் தனியே எழுதி வைக்க வேண்டும். உச்ச சர்வர்களில் விதிவிலக்குப் பட்டியலாக இருக்கலாம். அல்லது கல்லூரி தன் டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களுக்கான பதிவேடு) ஒரு பதிவு போட்டு, கேட்கும் சர்வர் நேராகக் கண்டுபிடிக்க விடலாம்.

பதிவு விட்டுப்போனால் உள்நாட்டில் எங்கும் ஓடும், எல்லை தாண்டினால் ஓடாது. இது மாணவர் சரிசெய்யக்கூடியது அல்ல. கல்லூரிக் கணினிப் பிரிவு, நாட்டின் எடுரோம் அமைப்பிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

10. கனெக்ட் ஆனதும் லாகின் பக்கம் திறக்கணுமா? எனக்கு ஒண்ணும் வரலையே.

வரக்கூடாது. இணைந்ததும் நேராக இணையம் வந்துவிட வேண்டும். எடுரோம் என்ற பெயரில் இணைந்த பிறகு ஒரு பக்கம் திறந்து பாஸ்வேர்ட் கேட்டால் அது போலி என்று கொள்ளுங்கள். எதையும் எழுதாமல் வெளியேறுங்கள். விமான நிலைய வைஃபையில் ஓடிபி எழுதிப் பழகியவர்கள் இதில் ஏமாறக்கூடும்.

11. காலேஜ் வளாகத்துக்குள்ள மட்டும்தானா? ரயில்வே ஸ்டேஷன், ஏர்போர்ட்ல கிடைக்காதா?

நாட்டுக்கு நாடு மாறும். ஸ்வீடனில் விமான நிலையங்களில் உண்டு. ம்யூனிக்கில் நகரப் பொது வைஃபை இருக்கும் இடங்கள் பலவற்றில் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் கல்வி, ஆய்வு வளாகங்களுக்குள்தான். எடுரோம் வரைபடத்தில் இடங்களைப் பார்க்கலாம். ஆனால் அந்தந்த நிறுவனம் தரும் விவரமே அதில் வரும் என்பதால், புள்ளி இல்லாத இடத்திலும் கிடைப்பதுண்டு, புள்ளி இருக்கும் கட்டடத்தில் ஒரு மாடியில் மட்டும் கிடைப்பதும் உண்டு.

12. கனெக்ட் ஆகல. தப்பு என் பக்கமா, அவங்க பக்கமா? யார்கிட்ட கேட்கறது?

போன் எப்படித் தோற்கிறது என்பதைக் கவனியுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓரிரு நொடியில் மறுத்தால், யூசர்நேம் பிழை அல்லது உங்கள் கல்லூரியே "இல்லை" என்று சொல்லிவிட்டது. அரை நிமிடம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தால், கேள்வி உங்கள் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது கல்லூரி சர்வர் படுத்திருக்கிறது. இணைந்ததாகக் காட்டி இணையம் மட்டும் வராவிட்டால் அது பெரும்பாலும் போயிருக்கும் இடத்தின் சிக்கல்.

உங்களைப் போலவே வெளியிலிருந்து வந்த வேறொருவருக்கு அங்கே ஓடுகிறதா என்று கேளுங்கள். அவருக்கு ஓடி உங்களுக்கு ஓடவில்லை என்றால் உங்கள் கல்லூரிப் பக்கம் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும் முதலில் எழுத வேண்டியது உங்கள் கல்லூரிக் கணினிப் பிரிவுக்குத்தான், கணக்கு அவர்களுடையது. "வைஃபை வரல" என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் தேட முடியாது. முயன்ற நேரம் (எந்த நாட்டு நேரம் என்பதோடு), இடம், முழு யூசர்நேம், போன் மாடல், அந்த நெட்வொர்க்குக்கு போன் காட்டும் மேக் முகவரி (கருவியின் வைஃபை அடையாள எண்) ஆகியவற்றைக் கொடுங்கள். பெட்டியில் அச்சிட்ட மேக் முகவரி உதவாது. இப்போதைய போன்கள் நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் புதிய முகவரி வைத்துக்கொள்கின்றன. எடுரோம் பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் தெரியும். பாஸ்வேர்டை யாருக்கும் எழுத வேண்டாம்.

13. கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா ஐபி முகவரி கிடைக்க மாட்டேங்குது. என்னோட வந்த வேற காலேஜ் ஆளுக்குக் கிடைக்குது.

இதில் நீங்கள் செய்யக்கூடியது குறைவு. ஆனால் காரணம் தெரிந்தால் கணினிப் பிரிவுக்குச் சொல்லலாம். கல்லூரிகள் தங்கள் மாணவர்களை, ஆசிரியர்களை வெவ்வேறு விலான்களில் (ஒரே நெட்வொர்க்குக்குள் எண் போட்டுப் பிரித்த தனிப் பகுதிகள்) பிரித்து வைக்கும். "இவரை 40ஆம் விலானில் போடு" என்று சர்வர் தன் பதிலோடு சேர்த்துச் சொல்லும். அந்தக் குறிப்பை நீக்காமல் வெளியூருக்கும் அனுப்பிவிட்டால், அங்கே 40 என்ற எண்ணில் வேறு எதுவோ இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. போன் வெற்றிடத்தில் நிற்கும்.

வெளியே போகும் பதில்களிலிருந்து விலான் குறிப்பை எடுத்துவிடுவது உங்கள் கல்லூரியின் கடமை. வெளியிலிருந்து வரும் பதில்களில் அதைப் புறக்கணிப்பது போன இடத்தின் கடமை. யாராவது ஒருவர் செய்தால்கூடச் சிக்கல் தீர்ந்துவிடும்.

14. பாஸ்வேர்டுக்குப் பதிலா சர்டிஃபிகேட் கொடுத்திருக்காங்க. சில ஊர்ல ஓடுது, சில ஊர்ல சுத்திக்கிட்டே இருக்கு.

இஏபி-டிஎல்எஸ் எனப்படும் இந்த முறை பாஸ்வேர்டைவிடப் பாதுகாப்பானது. பாஸ்வேர்டே இல்லாதபோது திருட என்ன இருக்கிறது? சிக்கல் அதன் அளவில். போன் தன் சர்டிஃபிகேட்டையும் அனுப்புவதால், அது அனுப்பும் தரவுப் பொட்டலம் பெரிதாகும். வழியில் ஒவ்வொரு சர்வரும் தன் குறிப்பையும் சேர்க்கும். 1500 பைட்டைத் தாண்டினால் பொட்டலம் இரண்டாக உடையும். இரண்டாம் துண்டில் போர்ட் எண் இருக்காது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எறிந்துவிடும் ஃபயர்வால்கள் ஏராளம். துண்டு தொலைந்ததும் சர்வர் காத்துக் காத்து ஓய்ந்துவிடும். 12ஆம் பதிலில் சொன்ன 'அரை நிமிடச் சுற்றல்' இதுதான்.

கணினிப் பிரிவினருக்கு: 1812 யூடிபி போர்ட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, துண்டான யூடிபி பொட்டலங்களையும் விட வேண்டும். 2083 டிசிபி போர்ட்டில் ஓடும், ரேடியஸ் செய்திகளை டிஎல்எஸ் குழாயில் அனுப்பும் ராட்செக் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை அந்தப் பாதையில் அடியோடு போய்விடும்.

15. பாஸ்வேர்ட் மாத்தினேன், அதுல இருந்து அக்கவுண்ட் அடிக்கடி லாக் ஆகுது.

பழைய பாஸ்வேர்டை வைத்திருக்கும் கருவி ஒன்று உங்கள் வீட்டிலோ விடுதி அலமாரியிலோ இருக்கிறது. எடுரோம் கண்ணில் பட்டதும் தானாக முயலும், தோற்கும், மறுபடி முயலும். சில தவறுகளுக்குப் பிறகு கல்லூரி சர்வர் கணக்கைப் பூட்டிவிடும். பாஸ்வேர்டை மாற்றும் முன் போன், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றிலும் வைஃபையை அணையுங்கள். மாற்றிய பின் ஒவ்வொன்றாக எடுத்துப் புதியதை எழுதுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் பாஸ்வேர்ட் மாற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

16. நான் எங்க இருக்கேன், என்ன பார்க்கறேன்னு காலேஜுக்குத் தெரியுமா?

எங்கே இணைந்தீர்கள் என்பது உங்கள் கல்லூரிக்குத் தெரியும். போன இடம் தன் பெயரை வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பலாம். என்ன பார்க்கிறீர்கள் என்பது உங்கள் கல்லூரிக்குத் தெரியாது. அந்தப் போக்குவரத்து அவர்கள் வழியாக வருவதே இல்லை. போன இடத்துக்கோ, மற்ற எந்த வைஃபையிலும் போல, எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். 6ஆம் பதிலில் சொன்ன அனானிமஸ் ஐடென்டிட்டியை நிரப்பியிருந்தால் அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது, கல்லூரி மட்டுமே தெரியும். நிரப்பாவிட்டால் முழு யூசர்நேமும் வழியெங்கும் வெளிப்படையாகப் போகும். இவ்வளவு எளிதான ஒன்றை வெற்றாக விட்டுவிடாதீர்கள்.

பெயர் மறைந்திருப்பதால் எதுவும் செய்யலாம் என்று பொருளில்லை. புகார் வந்தால் போன இடம் நேரத்தையும் கருவியையும் சொல்லும், உங்கள் கல்லூரி ஆளைச் சொல்லிவிடும். இரண்டு இடங்களின் விதிகளும் உங்களைக் கட்டுப்படுத்தும். நண்பருக்குக் கணக்கைக் கொடுப்பவர்களுக்கும் இதுவே பதில்: அவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும்.

17. வெளியூர்ல எடுரோம்ல இருந்தா எங்க காலேஜ் வாங்கின ஜர்னல் எல்லாம் திறக்குமா?

திறக்காது. பதிப்பகங்கள் பார்ப்பது உங்கள் ஐபி முகவரியை. அது போன இடத்தினுடையது. அவர்கள் சந்தாவில் வருகிறவர்களையும் சேர்த்திருந்தால் அவர்கள் வாங்கிய ஜர்னல்கள் திறக்கலாம். உங்கள் கல்லூரியுடையவை வேண்டுமென்றால் கல்லூரி விபிஎன் வழியாகப் போக வேண்டும், அல்லது இந்தியாவில் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் போன்ற நுழைவு முறையில் கல்லூரிக் கணக்கைக் கொடுத்து உள்ளே போக வேண்டும். கிளம்பும் முன் இரண்டில் எது உண்டு என்று நூலகத்தில் கேட்டுவிடுங்கள்.

18. டிவி ஸ்டிக், கிண்டில் இதையெல்லாம் கனெக்ட் பண்ணலாமா?

யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்கும் 'என்டர்பிரைஸ்' வகை வைஃபை அந்தக் கருவியில் இருந்தால்தான் முடியும். டிவி ஸ்டிக், விளையாட்டுப் பெட்டி, கிண்டில் பெரும்பாலானவற்றில் கிடையாது. விடுதியில் இவற்றுக்கெனத் தனி நெட்வொர்க் உண்டா என்று கேளுங்கள்.

19. ரெண்டு யூனிவர்சிட்டி பக்கத்துல பக்கத்துல இருக்கு. நடக்கும்போது கால் கட் ஆகுது.

இரண்டும் எடுரோம் என்ற ஒரே பெயரை ஒளிபரப்புவதால் போன் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. ஒரே வளாகத்துக்குள் தாவினால் ஐபி முகவரி மாறாது, கால் தொடரும். வேறு நிறுவனத்துக்குத் தாவினால் புதிதாக நுழைந்து புதிய முகவரி வாங்க வேண்டும்; நடந்துகொண்டிருக்கும் கால் அறுந்துவிடும். இப்படி உரசும் இடங்களில் எடுரோம் என்ற பெயருக்குப் பின் ஒரு சிறு கோடும் கூடுதல் சொல்லும் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. 2ஆம் பதிலில் சொன்ன விலக்கு இதுதான். அந்தப் பெயரைப் பார்த்தால் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று உறுதிசெய்த பிறகு இணையுங்கள்.

20. உபுண்டுவை அப்டேட் பண்ணினதும் எடுரோம் நின்னு போச்சு.

லினக்ஸுக்கு எடுரோம் அமைப்புத் தளம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் தருகிறது. கையால் கட்டங்களை நிரப்புவதைவிட அதை ஓட்டுவது நல்லது. அப்டேட்டுக்குப் பின் நின்றதற்குக் காரணம் வேறு. உபுண்டு 22.04இல், டிஎல்எஸ் வேலையைக் கவனிக்கும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லின் 3ஆம் பதிப்பு வந்தது. பழைய டிஎல்எஸ் பழக்கங்களோடு பேசும் சர்வர்களை அது ஏற்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழிகள் லேப்டாப்பின் பாதுகாப்பைத் தளர்த்துபவை. தற்காலிகமாகச் செய்தாலும், கல்லூரியின் ரேடியஸ் சர்வரைப் புதுப்பிக்கச் சொல்லி எழுதுங்கள். இன்று உபுண்டுவில் வந்தது நாளை போன்களிலும் வரும்.

21. எங்க காலேஜ் இதுல சேரவே இல்லை. நான் தனியா காசு கட்டிக் கணக்கு வாங்க முடியுமா?

முடியாது. கணக்கு நிறுவனத்தின் வழியாகத்தான் வரும். யாராவது விற்கிறார்கள் என்றால் அது திருட்டுக் கணக்கு. சில நாடுகளில் மாநாட்டுக்கு வருபவர்களுக்குச் சில நாட்களுக்கான தற்காலிக எடுரோம் கணக்கு கொடுக்கிறார்கள். ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

மாணவர் அல்லாதவர்களுக்கு இதே எண்ணத்தில் பிறந்த வேறு ஏற்பாடுகள் உண்டு. 'ஓபன்ரோமிங்' என்பதைத் தொடங்கியது சிஸ்கோ. 2020இல் வயர்லெஸ் பிராட்பேண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. அதில் போன் நெட்வொர்க்கின் பெயரைத் தேடாது. வைஃபை கருவி ஒளிபரப்பும் ஒரு குறியீட்டைப் பார்த்துத் தானே இணையும். இந்தியாவில் பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டீக்கடையோ மளிகைக் கடையோ உரிமம் இல்லாமலே வைஃபை கொடுக்கலாம். ஒரு ஆப்பில் உங்களை உறுதிசெய்துகொண்டால், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் பராமரிக்கும் மையப் பதிவேட்டில் உள்ள ஹாட்ஸ்பாட்டுகளை அது காட்டும். எடுரோமில் இல்லாத கட்டணம் இதில் இருக்கலாம்.

22. படிப்பு முடிஞ்சுடுச்சு. எடுரோம் இன்னும் போன்ல இருக்கு, அப்படியே விடலாமா?

எடுத்துவிடுங்கள். கல்லூரி கணக்கை மூடியதும் அது வேலை செய்யாது. பழைய மாணவர்களுக்குத் தொடர்ந்து கொடுக்கும் நிறுவனங்கள் குறைவு. ஆனால் போனுக்கு அது தெரியாது. எந்த வளாகத்தைக் கடந்தாலும் முயன்றுகொண்டே இருக்கும், பேட்டரி வீணாகும், 7ஆம் பதிலில் சொன்ன போலி ரவுட்டர்களிடமும் போய்க் கேட்கும். வைஃபை பட்டியலில் 'ஃபர்கெட்' கொடுங்கள்; ஐபோனில் புரொஃபைலையும் நீக்குங்கள். ஆப் வழியாக அமைத்திருந்தால் ஆப்பையும் நீக்கினால்தான் சில ஆண்ட்ராய்ட் போன்களில் அது முழுதாகப் போகும். புதிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால், பழையதை நீக்கிய பிறகே புதிய கணக்கை 5ஆம் பதிலில் சொன்னபடி அமையுங்கள்.